விசில் இல்லாத விளையாட்டு

"விளையாடினா மூளை வளரும்" என்று சொன்னால் இப்ப எங்கட அம்மா அப்பாமாரும் ஒத்துக்கொள்ளுவினம். அதனாலதான் ரியூஷன் நேரசூசிக்குள்ளேயே கிறிக்கெற் பயிற்சி, கராத்தே, நீச்சல் என்று சேர்த்துவிட்டினம். நல்ல விசயம்தான். ஆனால் பிள்ளையின் சிந்தனை வளர வேணும் என்றால், பயிற்றுநர் இல்லாத விளையாட்டும் அவசியம் என்பது என் கருத்து.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறுவயதில் ஓய்வு நேரத்தை எப்படிக் கழித்தீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டு, அவர்களுக்குப் படைப்பாற்றல் சோதனையும் வைத்தார்கள். தாங்களாகவே கூடி விளையாடிய நேரம் கூடக்கூடப் படைப்பாற்றலும் கூடியிருந்தது. பயிற்சியாக நடத்தப்படும் விளையாட்டில் அது எதிர்மாறாக இருந்தது. சின்ன ஆய்வுதான், இதனால்தான் அது வந்தது என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் ஒழுங்கையில் விளையாடின எவருக்கும் காரணம் விளங்கும்.

ஏழு பேர், ஒரு ரெனிஸ் பந்து, ஒரு தென்னைமட்டை. ஆள் ஒற்றை என்றால் ஒருத்தர் ரெண்டு பக்கமும் அடிப்பார். மதிலுக்கு மேலால போனால் அவுட், ஏனென்றால் அந்த வீட்டில் நாய் இருக்கு. சின்னவனுக்கு மட்டும் முதல் பந்தில் அவுட் இல்லை. ஆரும் அளாப்பினால் கேட்க நடுவர் இல்லை. பேசித் தீர்க்காவிட்டால் ஆட்டம் அதோட முடிஞ்சுது. இருக்கிறதை வைத்து ஒரு விதியை உண்டாக்கி, அது சரிவராவிட்டால் மாற்றிப் பார்ப்பது. படைப்புச் சிந்தனை என்பது வேறென்ன?

காலிக்குப் பக்கத்தில் இரத்கமவில் ரெனிஸ் பந்தோடு வளர்ந்தவர் லசித் மாலிங்க. அந்தப் பக்கவாட்டுக் கைவீச்சு எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இருந்ததல்ல. 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவின் நான்கு விக்கெற்றுகளை நான்கு பந்துகளில் எடுத்தது அந்தக் கைதான். எட்டு வயதிலேயே ஒருத்தர் "கையை நேரா வை" என்று திருத்தியிருந்தால்?

எங்கட பிள்ளைகளுக்கோ தரம் ஐந்து புலமைப்பரிசில் முடியும்வரை பின்னேரம் என்ற ஒன்றே இல்லை. பள்ளிக்கூட மைதானம் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு மட்டும் உயிர்பெறுது. பொம்பிளைப் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். பெரியபிள்ளையானதும் ஒழுங்கை அவர்களுக்கு இல்லை. பலருக்குப் பாடசாலை அணிதான் விளையாடக் கிடைக்கும் ஒரே அனுமதி. அதனால் பயிற்சியை நிறுத்தச் சொல்லவில்லை.

கேட்பது சின்ன விசயம். பாடசாலை முடிந்தபிறகு கிழமையில் ரெண்டு நாள், ஒரு மணித்தியாலம், மைதானத்தைத் திறந்துவிடுங்கோ. பெடியளுக்கும் பெட்டையளுக்கும் சேர்த்து. பாதுகாப்புக்கு ஒரு ஆசிரியர் மரநிழலில் இருக்கட்டும். விசில் மட்டும் வேண்டாம். என்ன விளையாடுறது, கிளித்தட்டா கிறிக்கெற்றா, ஆர் எந்தப் பக்கம் என்பதை அவையே சண்டை பிடிச்சு முடிவெடுக்கட்டும்.