பட்டாணியைத் தட்டிப் பார்த்தால்

மூளைக்கு அடியில் பட்டாணி சைஸில் ஒரு சுரப்பி, பிட்யூட்டரி. தைராய்டு, அட்ரினல் எல்லாம் இந்தப் பொடிசு சொன்னால்தான் கேட்கும். அதில் கட்டி வந்தால் (பெரும்பாலும் கான்சர் இல்லை, பயப்படாதீர்கள்) வேலை செய்கிறதா என்று பார்க்க டி.ஆர்.ஹெச்., ஜி.என்.ஆர்.ஹெச். என்று ஊசி போட்டு உசுப்பிவிட்டு, அவ்வப்போது ரத்தம் எடுப்பார்கள். டி.ஆர்.ஹெச். சாமானியமாகக் கிடைத்ததல்ல. கில்லமன் ஆட்டு மூளை, ஷாலி பன்றி மூளை என்று லட்சக்கணக்கில் அரைத்துப் போட்டி போட்டு, 1969-ல் கண்டுபிடித்தார்கள். 1977-ல் நோபல்.

ஊசி போட்டால் குமட்டும், முகம் சூடாகும், அவசரமாக ஒண்ணுக்கு வரும். சாதாரணமாக அவ்வளவுதான்.

அபூர்வமாக, முக்கியமாகப் பெரிய கட்டி உள்ளவர்களுக்கு, சில நிமிஷத்திலோ சில மணியிலோ கட்டிக்குள் ரத்தம் கசியும். அல்லது ரத்தமே போகாமல் கட்டி செத்து வீங்கும். பேர் பிட்யூட்டரி அபோப்ளெக்ஸி. மண்டையில் இடி விழுந்த மாதிரி தலைவலி, வாந்தி. சுரப்பிக்கு நேர் மேலேதான் பார்வை நரம்புகள் குறுக்கே போகின்றன. கண் மங்கும், இமை தொங்கும், எதிரே நிற்கும் ஒரு டாக்டர் இரண்டு டாக்டராகத் தெரிவார். ரத்த அழுத்தம் ஏறுவதாலா, குழாய் சுருங்குவதாலா, உசுப்பிய கட்டி அதிக ரத்தம் கேட்பதாலா? ஊகங்கள்தான்.

'ஊசி போட்டா தலை வலிக்கத்தான் செய்யும், மாத்திரை போட்டுட்டுத் தூங்குங்க' என்று யாராவது சொன்னால் தூங்காதீர்கள். உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் ஏற்றி, ஸ்கேன் பார்த்து, தேவைப்பட்டால் மூக்கு வழியாகவே ஆபரேஷன் செய்வார்கள். பார்வை திரும்பியவர்கள் உண்டு.

சாதாரண ரத்தப் பரிசோதனைகளே இப்போது துல்லியமாகிவிட்டதால் இந்த ஊசிகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. இருந்தும் எழுதித் தந்தால், 'இதன் ரிசல்ட்டால் என் வைத்தியம் மாறுமா டாக்டர்?' என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு டாக்டர்.