கல்லுக்குக் காவல் உண்டு, மண்ணுக்கு?

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டைக்கு அண்மையில் சென்றிருந்தேன். 17ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபுக்கு உட்பட்ட ஜாகிர்தார் ஒருவர் கட்டியது. 1751இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வால்கொண்டாப் போரோடு இதன் பெயர் சேர்ந்தது. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அகழியையும் கொத்தளங்களையும் பார்த்து முடித்தபின் ஒரு கேள்வி எஞ்சியது. இக்கற்களைச் சுமந்தவர்களின் வீடு எப்படி இருந்திருக்கும்? அதைக் காட்ட அங்கே ஒரு மண்சுவரும் இல்லை.

அத்தகைய வீடுகளைக் காண முட்டுக்காட்டுக்குத்தான் போகவேண்டும். அங்கே 1996இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவில், ஊர்ப்புறத்துப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்தும், பழைய முறைப்படி கட்டியும் வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டோடு குயவர் வீடும் உழவர் வீடும் உண்டு. ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் 1891இல் காட்டிய வழி இது. அடுப்புப் புகையாத வீடு வீடாகுமா என்று கேட்கலாம். இடித்துத் தள்ளியிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமிருக்காது.

ஆனாலும் கல்லைக் காப்பதும் மண்ணைக் காப்பதும் ஒன்றல்ல. கோட்டைக்குக் காவலாளி போதும். மண்வீட்டுக்கோ ஆண்டுதோறும் மெழுகவும் கூரை வேயவும் ஆள் வேண்டும். ஒழுகும் கூரையின்கீழ்ப் படுத்தவர் காரைவீடு கட்டிக்கொள்வதைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. ஆகவே சுற்றுவட்டாரத்தில் கைவிடப்பட்ட வீடுகள் ஒன்றிரண்டையேனும் அரசு நியாயமான விலைக்கு வாங்கி, இருந்த இடத்திலேயே காக்கவேண்டும் என்பதே என் எண்ணம். மெழுகவும் வேயவும் தெரிந்த உள்ளூர்க்காரருக்கு மாதச் சம்பளம் கொடுக்கவேண்டும். அந்தக் கைகள் ஓய்ந்துவிட்டால் முட்டுக்காட்டிலும் மறுபடி கட்ட முடியாது.