ஈசிஆரில் சைக்கிள்: ஹெல்மெட் போட்டா சரியாயிடுமா?

மக்களே, சென்னையில் புதுசா சைக்கிள் வாங்குகிற எல்லாருக்கும் மூணாவது வாரம் ஒரு ஆசை வரும். மகாபலிபுரம் வரைக்கும் ஒரு தடவை மிதிச்சிட்டு வந்துடணும்! நியாயமான ஆசைதான். மயிலாப்பூர் லஸ்ஸில் கிளம்பினால் கச்சேரி ரோடு, சாந்தோம், திரு.வி.க. பாலம், அடையாறு, எல்.பி. ரோடு, திருவான்மியூர். அப்புறம் நேரே தெற்கு. தி.நகர்க்காரர்கள் கோட்டூர்புரம் வழியா வந்து அடையாறில் சேர்ந்துக்கலாம். போக ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், வர அதே அளவு. மலை கிடையாது. முட்டுக்காடு பாலம்தான் வழியிலேயே பெரிய ஏற்றம். அதைத் தாண்டினால் கோவளம், திருவிடந்தை, வடநெம்மேலி முதலைப் பண்ணை, சாளுவன்குப்பம் புலிக்குகை. மார்கழியில் போனால் வடகிழக்குக் காற்று போகும்போது முதுகைத் தள்ளிவிடும், திரும்பும்போது நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். அதுவும் ஒரு சுகம்தான்.

இப்படி ஒரு ரூட்டுக்கு நம்ம ஊர் தருகிற அறிவுரை என்ன? "விடியற்காலை நாலரைக்கே கிளம்பு. வெயிலும் காரும் வருவதற்குள் வீட்டுக்கு வந்துடு. ஹெல்மெட் போடு. முன்னாடி வெள்ளை லைட், பின்னாடி சிவப்பு லைட். பளபளக்கிற சட்டை போடு. தனியாப் போகாதே, கூட்டமாப் போ."

தனித்தனியா எல்லாமே நல்ல அறிவுரைதான். சேர்த்துப் படிச்சுப் பாருங்க. ரோட்டில் போகிறவனுக்குச் சொல்கிற மாதிரியா இருக்கு? புலி நடமாடுகிற காட்டுக்குள் போகிறவனுக்குச் சொல்கிற மாதிரி இல்லை? காட்டில் புலி இருந்தால் மனுஷன்தான் ஜாக்கிரதையா இருக்கணும், சரி. ரோட்டில் புலியை அவிழ்த்து விட்டது யார் சாமி?

நான் சொல்ல வருவது ஒண்ணே ஒண்ணுதான். ஈசிஆரில் திருத்த வேண்டியது சைக்கிள்காரனை இல்லை, ரோட்டை. அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலைக்காக மட்டும் இல்லை, செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்காகவும்.

முதலில் ஹெல்மெட் விஷயம். போடுங்க, நானும் போடுகிறேன். ஆனால் அது எதுக்காகச் செய்தது என்று தெரிஞ்சுக்கோங்க. ஐரோப்பியத் தரச் சோதனையில் சைக்கிள் ஹெல்மெட்டை மோத விடுகிற வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். அதாவது நாமளே வழுக்கி விழுந்தால் மண்டை உடையாமல் இருக்க. பின்னாலிருந்து 90-ல் வருகிற காருக்கு அது பதில் இல்லை. பிளஸ் டூ பிசிக்ஸ்தான்: வேகம் இரண்டு மடங்கானால் மோதுகிற ஆற்றல் நாலு மடங்கு. பிரேக் பிடிச்ச பிறகு வண்டி ஓடி நிற்கிற தூரமும் நாலு மடங்கு. 2022-ல் இந்திய ரோடுகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய போக்குவரத்து அமைச்சகம். அதில் 32,000-க்கும் மேல் நடந்து போனவர்கள், 4,800-க்கும் மேல் சைக்கிளில் போனவர்கள். சாவு எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம் நம்ம தமிழ்நாட்டுக்கு. நடந்து போனவர்களுக்கும் ஹெல்மெட் மாட்டிடலாமா?

அடுத்து வரும் வாதம்: "அது ஹைவே. காருக்காகப் போட்ட ரோடு. சைக்கிளுக்கு அங்கே என்ன வேலை?"

இதுதான் எனக்குச் சுத்தமா ஆகாத வாதம். ஈசிஆர் சுங்கச் சாலையானது 2002-ல். கோவளமும் திருவிடந்தையும் சாளுவன்குப்பமும் அதுக்கு எத்தனை நூற்றாண்டு முன்னாடியே இருந்த ஊர்கள்! ஊருக்கு நடுவே ரோடு வந்ததே தவிர, ரோட்டுக்கு நடுவே ஊர் வந்து உட்காரவில்லை. அந்த ஊர்களில் சைக்கிள் ஓட்டுவது நம்ம மாதிரி கியர் வண்டிக்காரர்கள் மட்டுமா? பங்களா வாட்ச்மேன், சித்தாள், கொத்தனார், மீன் விற்கிறவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள். அரசுப் பள்ளியில் பதினொண்ணாவது சேர்ந்தால் இலவச சைக்கிள் கொடுக்கிற மாநிலம் இது, இருபது வருஷத்துக்கு மேலா. ரொம்ப நல்ல திட்டம். சைக்கிளைக் கொடுத்துட்டு, அதை எந்த ரோட்டில் ஓட்டணும் என்று சொல்ல மறந்துட்டோம், அவ்வளவுதான் :-)

அக்கரைக்குத் தெற்கே நாலு வழியாக்கி நடுவில் தடுப்பு வைச்சாச்சு. எதிர்ப்பக்கம் இருக்கிற கடைக்குப் போக தூரத்தில் இருக்கிற திருப்பம் வரைக்கும் மிதிச்சு, அங்கே காருக்கு நடுவே வளைஞ்சு, மறுபடி திரும்பி வரணும். யார் செய்வாங்க? ஓரமா ராங் சைடில் வருவாங்க. உடனே கார் கண்ணாடியை இறக்கி ஒருத்தர் கத்துவார், "இவனுங்களுக்கு ரூல்ஸே தெரியாது". ரூல்ஸ் தெரியாதது அந்தப் பெரியவருக்கா, அவரை மறந்துட்டு ரோட்டை வரைஞ்சவருக்கா?

மூணாவதா நம்ம ஆளுங்களிடமே ஒரு சண்டை இருக்கு. கூட்டமா லைக்ரா போட்டு ஓட்டுகிற நண்பர்கள் கேட்பதெல்லாம், "சனி, ஞாயிறு காலையில் மூணு மணி நேரம் எங்களுக்கு ஒரு ஓரம் ஒதுக்குங்க". கேளுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனால் எட்டு மணிக்கு மேல் நாம வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடுவோம். எட்டு மணிக்குத்தான் கொத்தனார் வேலைக்குக் கிளம்புவார். அவருக்கு? கொலம்பியாவில் போகோட்டா நகரம் 1974-லிருந்து ஞாயிறுகளில் பெரிய ரோடுகளை மூடி சைக்கிளுக்கு விடுகிறது. உதாரணம் காட்டுகிறவர்கள் அதோடு நிறுத்திடுவாங்க. அதே நகரம் வாரநாளில் வேலைக்குப் போகிறவர்களுக்காக 500 கிலோமீட்டருக்கும் மேல் சைக்கிள் பாதை போட்டிருப்பதையும் சேர்த்துச் சொல்லணுமா இல்லையா?

2021 ஜூலையில் முதலமைச்சராக ஸ்டாலின் இதே ஈசிஆரில் சைக்கிள் ஓட்டிய படங்கள் எல்லா இடத்திலும் வந்தன. சந்தோஷம். ஆனால் முதலமைச்சருக்கு முன்னாடியும் பின்னாடியும் பாதுகாப்பு உண்டு. கோவளம் மீன்காரருக்குப் பின்னாடி வருவது சொகுசு பஸ்தான்.

கடைசியா, "காசு எங்கே?" என்கிற கேள்வி. பி.காம். படிக்கிறவனிடம் இதைக் கேட்கக்கூடாது! 2025-26 தமிழக பட்ஜெட்டில் திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை சுமார் 14 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலைக்கு 2,100 கோடி ரூபாய் அறிவிச்சாங்க. கிலோமீட்டருக்கு 150 கோடி. தூண் மேலே கார் போக அவ்வளவு பணம் இருக்கு என்றால், கீழே ஒரு ஓரத்தில் இரண்டு மீட்டர் பாதை போடக் காசில்லை என்பதை எந்த ஆடிட்டரும் ஒத்துக்க மாட்டார். இன்னொண்ணு: 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனியா ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது சென்னை மாநகராட்சி. போக்குவரத்துக்கான பணத்தில் 60 சதவீதம் இவர்களுக்கு என்று எழுதி வைத்தாங்க. கொள்கை பேப்பரில் பத்திரமா இருக்கு. 2019-ல் தி.நகர் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கினாங்க. கடைகள் காலியாயிடுச்சா? இன்னைக்கும் தீபாவளிக்கு அங்கே கால் வைக்க இடமில்லை. செய்தால் நடக்கும், அவ்வளவுதான் விஷயம்.

சுங்கச்சாவடிக் கணக்கில் சைக்கிளுக்கு ரசீது கிடையாது. நம்ம சிக்கலே அதில்தான் இருக்கு. ரசீது இல்லாதவன் வாடிக்கையாளர் இல்லை, வாடிக்கையாளர் இல்லாதவன் கண்ணில் படமாட்டான். ஆனால் ஒருத்தர் அடிபட்டுப் படுத்தால் ஆஸ்பத்திரிச் செலவு, போன சம்பளம், நின்ற படிப்பு எல்லாம் ஒரு குடும்பத்தின் கணக்கில் பற்று எழுதப்படுகிறது. ரோட்டின் வரவு செலவில் அது வருவதே இல்லை. காஸ்ட் அக்கவுண்டிங்கில் இப்படி எழுதினால் பூஜ்யம் போடுவாங்க.

என்ன வேணும்? நாலே விஷயம். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை இரண்டு பக்கமும் கல் தடுப்பு வைத்த சைக்கிள் பாதை. பெயின்ட் கோடு வேண்டாம், அது மறுநாளே கார் பார்க்கிங் ஆயிடும். ஊருக்குள் வேகக் கட்டுப்பாடு, கேமராவோடு. பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப் பக்கம் ரோட்டை உயர்த்திப் போட்ட கடக்கும் இடங்கள். ஓரத்தில் சேரும் மணலை ஒழுங்கா அள்ளுவது.

"இது என்ன நெதர்லாந்தா?" என்று ஒருத்தர் கேட்பார். 1971-ல் அந்தக் குட்டி நாட்டில் ரோட்டு விபத்தில் செத்தவர்கள் சுமார் 3,300 பேர், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். ஜனங்கள் தெருவில் இறங்கிக் கத்தினாங்க, அரசாங்கம் பாதை போட்டது. அவங்க யாரும் சைக்கிள் பாதையோடு பிறக்கவில்லை, கேட்டு வாங்கினாங்க.

ஈசிஆரில் சைக்கிள் ஓட்டுகிறேன் என்று சொன்னால் "உனக்கு தைரியம் ஜாஸ்திடா" என்கிறாங்க. அது பாராட்டு இல்லை மக்களே. பள்ளிக்கூடம் போக ஒரு பொண்ணுக்கு தைரியம் தேவைப்படுகிற ரோட்டை நாம கட்டி வைச்சிருக்கோம் என்கிற ஒப்புதல் வாக்குமூலம்.