பிரதர், எப்போ சாமியார் ஆவீங்க?

கத்தோலிக்கத் துறவற சபைகளில் ஆசிரியராக வேலை செய்யும் சகோதரர்களை, நம் பேச்சில் சொன்னால் ‘பிரதர்’களை, எந்த ஊரிலும் விடாமல் துரத்தும் கேள்வி ஒன்று உண்டு. “சாமியார் ஆக இன்னும் எத்தனை வருஷம் பிரதர்?” கேட்பவர் மரியாதையோடுதான் கேட்கிறார். கான்ஸ்டபிளைப் பார்த்து எப்போது எஸ்.ஐ. ஆவீர்கள் என்று விசாரிப்பது போலத்தான் இதுவும். “ஆக மாட்டேன்” என்று பிரதர் சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்டவருக்குத் தர்மசங்கடம். பாவம், ஏதோ பரீட்சையில் கோட்டை விட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார்.

எங்கள் வைத்திக்குப்பத்தில் இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல். புதுச்சேரிக்காரனுக்கு ஃபாதரைத் தெரியும், சிஸ்டரைத் தெரியும். குளூனி சிஸ்டர்கள் இங்கே வந்தது 1827-இல். பெத்தி செமினேர் பள்ளி 1844-இல் பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சாமியார்கள் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவில், பூசை வைக்காத, ஞானஸ்நானம் கொடுக்காத, பாவசங்கீர்த்தனம் கேட்காத, ஆனால் கல்யாணமும் செய்துகொள்ளாத ஓர் ஆண் எதற்கு? மாசி மகத்தன்று மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும் கடற்கரை இது. சாமிக்குப் பூசை செய்பவர் ஒரு வகை, மற்றவர்கள் இன்னொரு வகை என்பது எங்களுக்குப் பழகிய கணக்கு. பிரதர் அந்தக் கணக்கில் அடங்க மாட்டார்.

அடங்காமல் இருப்பது தற்செயல் அல்ல. யோசித்து எடுத்த முடிவு. எடுத்தவர் ழான் பத்தீஸ்த் தெ லா சால்.

1651-இல் பிரான்ஸின் ரேன்ஸ் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். மீசை முளைக்கும் முன்பே அந்த ஊர்ப் பேராலயத்தில் ‘கானன்’ பதவி கிடைத்துவிட்டது. மானியமும் மரியாதையும் உள்ள பதவி அது. 1678-இல் குருவானார். மறு வருடம் அத்ரியான் நியெல் என்ற மனிதர் ரேன்ஸுக்கு வருகிறார், ஏழைப் பையன்களுக்குப் பள்ளிக்கூடம் திறக்க. சரி, கொஞ்சம் உதவி செய்வோம் என்றுதான் லா சால் உள்ளே காலை வைத்தார். அந்தக் காலத்து ஏழைப்பள்ளி வாத்தியார் என்றால், வேறு வேலை கிடைக்காதவர் என்று பொருள். சரியாக எழுதத் தெரியாது, சம்பளம் கிடையாது, சாப்பாட்டுக்கே திண்டாட்டம். அவர்களைத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டார். 1681-இல் வீட்டிலேயே தங்கவைத்தார். உறவுக்காரர்கள் கொதித்துப் போய், அவர் பொறுப்பில் இருந்த தம்பிகளைப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். லா சாலே பிற்காலத்தில் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு: ஆரம்பத்தில் இந்த வாத்தியார்களைத் தன் வேலைக்காரனுக்கும் கீழாகத்தான் வைத்திருந்தாராம். புனிதர்களின் வரலாற்றில் இப்படி வெளிப்படையான வாக்குமூலம் அபூர்வம்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். நாளையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அவர் வாத்தியார்களுக்குப் போதித்தார். அவர்கள் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். உங்களுக்குச் சொத்து இருக்கிறது, கானன் மானியம் இருக்கிறது. பள்ளிக்கூடம் நாளைக்கே இழுத்து மூடினாலும் நீங்கள் நிமிர்ந்து நிற்பீர்கள். நாங்கள்தானே தெருவுக்கு வருவோம்? இந்தக் கேள்விக்குப் பிரசங்கத்தில் பதில் கிடையாது. லா சால் 1683-இல் கானன் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் சொத்தை ரொட்டியாக்கி ஏழைகளுக்குக் கொடுத்தார். சொத்தைப் பள்ளிக்கூடத்துக்கே எழுதிவைத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். இன்றைக்கு என்றால் ஒரு டிரஸ்ட், அதற்கு ஒரு கட்டடம், வாசலில் மார்பளவுச் சிலை. அவர் அதைச் செய்யவில்லை. வாத்தியார்களும் தானும் ஒரே தரையில் நிற்க வேண்டும் என்பதுதான் அவருக்கு முக்கியமாகப் பட்டது.

அந்த வாத்தியார்கள் ஒரு சகோதரர் சபையாக உருவான பிறகும் குருத்துவம் பற்றிய கேள்வி மிச்சம் இருந்தது. தனக்குப் பிறகு சபையை நடத்தக் குரு ஒருவர் வேண்டும் என்று ஆன்றி லெரோ என்ற திறமையான சகோதரரைத் தயார் செய்தார். படிப்பெல்லாம் முடிந்து பட்டம் வாங்கும் தறுவாயில், 1690-இல், அவர் இறந்துபோனார். வெளியூரிலிருந்து லா சால் திரும்புவதற்குள் அடக்கமும் முடிந்திருந்தது. இதைக் கடவுளின் பதிலாகவே அவர் எடுத்துக்கொண்டார். சகோதரர்கள் யாரும் குருவாகக் கூடாது. குருவானால் பூசை, திருவிழா, சாவு வீடு, கல்யாணம் என்று ஊர் இழுத்துக்கொள்ளும், வகுப்பு அநாதையாகும். லத்தீனும் கூடாது என்று விதி எழுதினார். ஏற்கெனவே லத்தீன் தெரிந்து சபைக்கு வந்தவர், தெரியாதவரைப் போலவே நடந்துகொள்ள வேண்டும். குருத்துவத்துக்கு ஏறும் ஏணியையே எடுத்து ஒளித்துவைத்துவிட்டார் மனுஷர்.

அவருடைய பள்ளிகளில் வாசிப்பை லத்தீனில் தொடங்காமல் பிரெஞ்சில், பையனின் வீட்டு மொழியில், தொடங்கினார்கள். புதுச்சேரியில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது. இங்கே பிரெஞ்சுதானே எங்களுக்கு லத்தீனாக இருந்தது! அது தெரிந்தவனுக்கு சைகோனில் உத்தியோகம், தெரியாதவனுக்கு வலையும் துடுப்பும். லா சாலின் நாட்டார்தான் வந்து ஆண்டார்கள். வீட்டு மொழியில் தொடங்கும் அவருடைய யோசனை கப்பலேறி வரவில்லை.

பள்ளிகளை நடத்துவது எப்படி என்று அவர் சகோதரர்களோடு கலந்து ஒரு கையேடு தொகுத்தார். அச்சில் வந்தது 1720-இல், அவர் இறந்த மறு வருடம். அதில் வாத்தியார் அதிகம் பேசக் கூடாது. கையில் மரத்தால் செய்த சிறு கருவி இருக்கும். ‘டக்’கென்று தட்டினால் படிப்பவன் நிறுத்த வேண்டும், தவறைத் திருத்த வேண்டும். சைகையிலேயே பாதி வகுப்பு ஓடும். பள்ளிக்கு மட்டம் போடுவதைப் பற்றித் தனியாகவே ஒரு பகுதி இருக்கிறது. பையன் ஏன் வரவில்லை, தகப்பன் வேலைக்கு அழைத்துப் போனானா, அப்படியானால் அந்தத் தகப்பனிடம் என்ன சொல்வது, எழுத்துப் படிப்பு தொழிலுக்கு எப்படி உதவும் என்று புரியவைப்பது என்றெல்லாம் விலாவாரியாக வருகிறது. மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய பிரெஞ்சுக் கையேடு என்றே தோன்றாது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குக் கிளம்புவதும் ஜூனில்தான், பள்ளி திறப்பதும் ஜூனில்தான் என்ற எங்கள் பக்கத்துத் தலைவலியைத் தெரிந்தவர் யாரோ எழுதியது போல இருக்கிறது.

ஜெபம்? அதற்கும் இதே கறார்தான். சகோதரர்கள் எழுந்திருக்கும் நேரம் காலை நாலரை என்று விதி. எங்கள் குப்பத்தில் அந்த நேரத்துக்கு ஃபைபர் படகுகள் கரையைவிட்டுப் போயிருக்கும். தியானம், பூசை முடிந்து பள்ளிக்கு வந்தபிறகும் ஜெபம் நின்றுவிடுவதில்லை. மணி அடிக்கும்போதெல்லாம், கணக்கோ எழுத்தோ பாதியில் நிற்க, கடவுள் இங்கே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு தொடர வேண்டும். கோவில் ஒரு நேரம், பள்ளி ஒரு நேரம் என்ற பிரிவினையே கிடையாது. இது எனக்குக் கொஞ்சம் மூச்சு முட்டுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த வாழ்க்கையின் உச்சம் யார் என்று கேட்டால், பெரிய பேராசிரியர் யாரையும் காட்ட மாட்டேன். பெல்ஜியத்தில் கொல்லன் மகனாகப் பிறந்த முத்தியன் மரி என்ற சகோதரரைக் காட்டுவேன். வகுப்பை அடக்கத் தெரியாதவர். பையன்கள் தலைமேல் ஏறி ஆடினார்கள். இவர் வாத்தியார் வேலைக்கு லாயக்கில்லை என்று சபையிலிருந்தே அனுப்பிவிடும் நிலை வந்தது. கூட வேலை செய்த ஒரு சகோதரர் அவருக்காகப் பேசி, இசையும் ஓவியமும் சொல்லிக்கொடுக்கும் சின்ன வேலையை வாங்கிக்கொடுத்தார். அவருக்கோ இரண்டும் சுமாராகத்தான் வரும். தானும் கற்றுக்கொண்டே கற்றுக்கொடுத்தார். மலோன் என்ற ஊருக்கு 1859-இல் போனவர், 1917-இல் சாகும்வரை அதே பள்ளியில், அதே ஆர்மோனியத்தின் முன், விளையாட்டு மைதானத்தில் காவலுக்கு நின்றபடி, கையில் ஜெபமாலையோடு இருந்தார். எப்போதும் ஜெபம் செய்யும் பிரதர் என்றுதான் பையன்கள் அடையாளம் சொல்வார்கள். 1989-இல் அவருக்குப் புனிதர் பட்டம். ஆசிரியராகத் தோற்றவர் என்று எல்லாரும் முடிவுகட்டிய ஒருவரை ஒரு சபை 58 வருடம் ஒரே பள்ளியில் வைத்திருந்தது என்பது, அவரைவிட அந்தச் சபையைப் பற்றி எனக்கு அதிகம் சொல்கிறது. இன்றைய தனியார் பள்ளியில் அவருக்கு இரண்டாம் மாதமே கணக்கை முடித்திருப்பார்கள்.

பிரதர்கள் கடல் தாண்டிப் பரவியதற்குப் பல காரணங்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் 1852-இலேயே லசால் சகோதரர்கள் பள்ளிகளில் இறங்கிவிட்டார்கள். அழைத்துவந்தவர் பெரெல் சாமியார். நம் ஊர் மிஷன் சாமியார்கள் சேர்ந்த அதே பாரிஸ் சபைக்காரர். பிரெஞ்சுக் குடியரசும் தன்னையறியாமல் இந்தப் பரவலுக்குப் பெரிய உபகாரம் செய்தது. துறவற சபைகள் பள்ளி நடத்தக் கூடாது என்று 1904-இல் சட்டம் போட்டது. ஆயிரக்கணக்கான பிரதர்கள் வேறு நாடு தேடிப் போனார்கள். அந்தக் கெடுபிடிக் காலத்தில்தான், 1903-இல், இன்னொரு பிரெஞ்சு சபையான மோன்ஃபோர்ட் சகோதரர்கள் இந்தியாவுக்கு வந்தார்கள். 1917-இல் ஏற்காட்டில் அவர்கள் தொடங்கிய பள்ளிக்கு இன்றும் கிராக்கி.

கிராக்கி என்று சொன்னேன். அங்கேதான் எனக்கு நெருடல். ஏழைக்கு இலவசமாகக் கற்பிப்போம் என்று வார்த்தைப்பாடு கொடுத்துத் தொடங்கியதுதான் லா சாலின் சபை. பல நாடுகளில் இன்று பிரதர்மார் பள்ளி என்றால் பணக்காரப் பெற்றோர் சிபாரிசுக் கடிதத்தோடு நிற்கும் இடம். நல்ல பள்ளி ஆனதன் விலை அது. இன்னொன்றையும் மறைக்க முடியாது. அயர்லாந்தில் கிறிஸ்தவ சகோதரர்கள் என்ற வேறொரு சபையினர் நடத்திய விடுதிகளில் சிறுவர்கள் பட்ட கொடுமைகளை 2009-இல் வந்த ரயன் ஆணைய அறிக்கை பக்கம் பக்கமாகப் பதிவு செய்தது. அங்கியைப் பார்த்தே நம்பி, கேள்வி கேட்காமல் பிள்ளைகளை ஒப்படைக்கும் பழக்கம் நமக்கும் உண்டு. ஜெபம் செய்பவர் என்பது கண்காணிப்புக்கு மாற்று ஆகாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நம் தமிழ்நாட்டிலேயே ஒருவர் இருந்தார். பிரிட்டனிலிருந்து வந்த லசால் சகோதரர் ஜேம்ஸ் கிம்டன். ஐம்பதுகளில் இலங்கைக்குப் போய் வேலை செய்தார். 1964-இல் அங்கிருந்து கிளம்ப வேண்டியதாகி மதுரைக்கு வந்தார், நாகமலை ‘பாய்ஸ் டவு’னில் உழைத்தார். 1974-இல் ‘ரீச்சிங் தி அன்ரீச்ட்’ அமைப்பைத் தொடங்கினார். தேனி மாவட்டத்து ஜி. கல்லுப்பட்டிதான் அதன் மையம். பெற்றோர் இல்லாத பிள்ளைகளைப் பெரிய கூடத்தில் வரிசையாகப் படுக்கவைக்கும் அநாதை விடுதியை அவர் கட்டவில்லை. சின்னச் சின்ன வீடுகள். ஒவ்வொன்றிலும் சில பிள்ளைகள், அவர்களுக்கு ஒரு வளர்ப்புத் தாய். அப்படித் தாயானவர்களில் கணவன் கைவிட்ட பெண்களும் விதவைகளும் உண்டு. ஊர் ஒதுக்கிய இரண்டு தரப்பை ஒரே கூரையின் கீழ் குடும்பமாக்கிய கெட்டிக்காரத்தனம் அது. ஏழைகளுக்கு வீடு கட்டினார், கிணறு வெட்டினார், பள்ளி நடத்தினார். 2017 அக்டோபரில், 92 வயதில், நம் மண்ணிலேயே கண்மூடினார். கடைசிவரை பிரதர்தான்.

உலகம் முழுக்க இப்போது பிரதர்களின் எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே வருகிறது. அவர்கள் பெயரில் நடக்கும் பள்ளிகளில் பாடம் எடுப்பவர்கள் பெரும்பாலும் குடும்பஸ்தர்கள்தான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பிரதர் வாய்க்கவில்லை. அரசுப் பள்ளி டீச்சர்கள்தான். போன வாரம் படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கருங்கல் சுவர்மேல் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டே புலம்பினார். மகனை இரண்டு நாள் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். “மூணாம் நாள் டீச்சரம்மா வாசல்ல வந்து நிக்கிறாங்க. பையனுக்குக் காய்ச்சல்னு சொன்னேன். உள்ள வந்து நெத்தியத் தொட்டுப் பாத்துட்டாங்கய்யா!”