நீர்மூழ்கிக்கு வேகம் பெருமையா?



நீர்மூழ்கிக் கப்பல் என்று செய்தி வந்தாலே டிவியில் அதன் வேகத்தைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். என் பேரனும் "எவ்வளவு ஸ்பீடு தாத்தா?" என்றுதான் கேட்கிறான். என்னைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்வி. எந்த வேகம் வரை சத்தமில்லாமல் போகும் என்பதே முதல் கேள்வி.

சோவியத் யூனியன் கே-162 என்று ஒரு நீர்மூழ்கியைக் கட்டியது. பிறகு கே-222 என்று பெயர் மாற்றினார்கள். டைட்டானியத்தால் ஆன உடல். 1970 டிசம்பரில் நீருக்கடியில் 44.7 நாட் வேகத்தைத் தொட்டது. மணிக்குச் சுமார் 83 கிலோமீட்டர்! ஆனால் 35 நாட்டைத் தாண்டியதும் பேரிரைச்சல். கப்பலை நடத்தும் அறையிலேயே 100 டெசிபல் வரை போனதாம். பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். இத்தனைக்கும் முக்கியக் காரணம் இயந்திரம் அல்ல, உடலை உரசிக்கொண்டு ஓடிய தண்ணீர்.

மெதுவாகப் போகும்போது தண்ணீர் அமைதியாக விலகி வழிவிடும். வேகம் கூடக் கூட உடலை ஒட்டியுள்ள நீரில் சின்னதும் பெரிதுமாகச் சுழல்கள் கிளம்பும். அவை வெளித்தகட்டை மத்தளம் போல ஓயாமல் தட்டும். துளையோ இடுக்கோ இருந்தால் இன்னும் மோசம். காலி பாட்டிலின் வாயில் ஊதிப் பாருங்கள், புரியும். இப்படி எழும் ஒலியின் திறன் ஏறத்தாழ வேகத்தின் ஐந்தாம், ஆறாம் அடுக்கில் ஏறும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் ஒலி 32 முதல் 64 மடங்கு! வாய்ப்பாடு மறந்தவர்கள் இரண்டை ஆறு முறை எழுதிப் பெருக்கிக்கொள்ளவும். புரொப்பல்லர் வேகமாகச் சுற்றும்போது குமிழிகள் உண்டாகி வெடிக்கும் சத்தம் தனி.

எதிரிக்குக் கேட்பது பாதித் தொல்லைதான். மீதி, தன் காதே அடைத்துப்போவது. பைக்கில் விரட்டிப் போகும்போது பின்னால் இருப்பவர் பேசுவது கேட்கிறதா? கடலுக்கடியில் சோனார்தான் கண்ணும் காதும். அதனால்தான் வேகமாகக் கொஞ்ச தூரம் ஓடி, பிறகு மெதுவாகிக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கத்தைக் கடற்படைகள் வைத்திருக்கின்றன.

விமானந்தாங்கிக் கப்பலைத் துரத்திப் பிடிக்க வேகம் வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கே-162 கட்டப்பட்டதே அதற்குத்தான். ஆனாலும் அந்த வகையில் அந்த ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். செலவும் காரணம், சத்தமும் காரணம். ஒளிந்திருப்பதற்கென்றே கட்டியது ஊரைக் கூட்டிக்கொண்டு ஓடினால் என்ன பயன்?

ஒலியை ஒரு பாடத்திலும் பாய்மத்தை வேறொரு பாடத்திலும் வைத்து நடத்துகிறோம். இந்த ஒரு கப்பலைச் சொன்னால் இரண்டும் சேர்ந்து பிள்ளைகளுக்குப் புரியும். இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் வகுப்பில் சொல்லிப் பாருங்கள். கடற்படையில் இருப்பவர்கள் ரகசியம் எதுவும் சொல்ல வேண்டாம். என் அடுக்குக் கணக்கு சரியா என்று மட்டும் சொன்னால் போதும்.