நான்காம் இடமும் ஒரு சொல்லும்

ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில் யோகாசன வகுப்புகளுக்கான அறிவிப்புப் பலகைகளுக்குக் குறைவில்லை. அசையாமல் நிற்கும் உடலுக்கு நம்மிடம் ஒரு தத்துவ மதிப்பு உண்டு. காற்றில் சுழலும் உடலையோ இன்னும் கழைக்கூத்தாடியைப் பார்க்கும் கண்ணோடுதான் பார்க்கிறோம்: விழுவாளா, பிழைப்பாளா? ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இந்தப் பார்வையிலிருந்து பிறந்ததே என்பது என் எண்ணம்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் அவர் செய்த புரொடுனோவா தாவலுக்கு ஊடகங்கள் சூட்டிய பெயர் ‘மரண வால்ட்’. அந்தச் சொல் ஆபத்தைக் காட்டி அறிவை மறைத்தது. வால்ட் பிரிவில் தாவலின் கடினத்திற்கு ஒரு மதிப்பெண், செய்நேர்த்திக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண். அன்றைய விதிப்படி புரொடுனோவாவின் கடின மதிப்பு 7.0. வசதிமிக்க கூடங்களில் வளர்ந்தவர்களோடு நேர்த்தியில் மட்டும் போட்டியிடுவது அகர்தலாவிலிருந்து வந்தவருக்கு எளிதல்ல. கடினத்தில் முந்தினால் அந்த இடைவெளி குறையும். ஆக, அதைச் சாவோடு விளையாடிய சாகசம் என்பதைவிடக் கணக்கறிந்த முடிவு என்பதே பொருந்தும். தட்டைப் பாதங்களோடு பிறந்த சிறுமியைப் பயிற்சியாளர் விஸ்வேஸ்வர் நந்தி ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செதுக்கியதும் அக்கணக்கில் அடங்கும்.

இறுதிப் போட்டியில் அவர் பெற்றது 15.066. வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைங்ரூபர் பெற்றது 15.216. இந்த 0.150 வித்தியாசத்தைப் ‘நூலிழையில் தவறிய பதக்கம்’ என்று புலம்பித் தீர்த்தோம். ஒலிம்பிக்கில் நுழைந்த முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை, நுழைந்த முதல் முறையே உலகின் நால்வரில் ஒருவரானார் என்ற செய்தி அப்புலம்பலில் அமுங்கிப்போயிற்று.

அதைவிட வருத்தத்திற்குரியது, அவர் வாழ்க்கையை அந்த ஒரு நாளோடு முடித்துவிடுவது. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் வெண்கலம் அதற்கு முன்னது. 2017இல் முழங்கால் அறுவைச் சிகிச்சை. மறு ஆண்டே துருக்கியின் மெர்சினில் உலகச் சவால் கோப்பைத் தங்கம். பின்னர் தடைசெய்யப்பட்ட பொருள் உடலில் இருந்ததற்காக 21 மாத இடைநீக்கம். அது 2023 ஜூலையில் முடிந்தது. இதை விட்டுவிட்டு எழுதினால் அது புகழுரையாகுமேயன்றி மதிப்பீடாகாது. அதன்பின் 2024 மே மாதம், முப்பது வயதில், தாஷ்கெண்டில் ஆசிய சாம்பியன். அப்பட்டத்தை வென்ற முதல் இந்தியர் அவரே. அவ்வாண்டு அக்டோபரில் ஓய்வை அறிவித்தார்.

பதினாறு வயதில் உச்சமும் இருபதுகளின் தொடக்கத்தில் ஓய்வும் இயல்பாகக் கருதப்பட்டுவந்த விளையாட்டில், முப்பதில் வந்த தங்கம் ரியோவின் நான்காம் இடத்தைவிட அரிய செய்தி. ஆயினும் 2016இல் நள்ளிரவுவரை விழித்திருந்த நம்மில் எத்தனை பேர் தாஷ்கெண்டை அறிந்திருந்தோம்? உயிர் போகுமோ என்ற பதைபதைப்பு இல்லாதபோது, கூட்டம் கலைந்துவிடுகிறது.

நம் ஊர்ப் பெண் குழந்தைகள் பூப்பெய்தியதும் ஓடுவதை நிறுத்திக்கொள்ளும் சூழலில், அவர்கள் முன் வைக்கப்பட வேண்டியது மரணத்தை வென்ற வீராங்கனையின் கதையல்ல. தன் உடலை இருபதாண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையாகப் படித்த ஒரு பெண்ணின் கதை.