கடல் இல்லாத ஊர்க்காரனும் ரெண்டு பக்கெட் மட்டியும்

எங்கள் மாவட்டத்துக்கு ஒரு காலத்தில் கடல் இருந்தது.

நம்ப மாட்டீர்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ‘கடல் எந்தப் பக்கம்?’ என்று கேட்டுப் பாருங்கள். வெயிலில் மண்டை காய்ந்துவிட்டது என்று மோர் வாங்கிக் கொடுப்பார்கள். ஆனால் ரிக்கார்டு இருக்கிறது சார். தென்னாற்காடு மாவட்டமாக இருந்தவரை கடலூர்தான் எங்களுக்கும் தலைநகர். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்த கையோடு சில்வர் பீச்சில் கால் நனைத்துவிட்டு வரலாம். (மனு என்ன ஆனது என்று கேட்கக் கூடாது.) 1993-ல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. கடலூர் போச்சு. சரி, மரக்காணம் இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டோம். 2019-ல் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டம் ஆயிற்று. வெடி போட்டோம், லட்டு கொடுத்தோம். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. மரக்காணமும் போச்சு! பாகப்பிரிவினையில் கல்வராயன் மலை எங்களுக்கு. கடல் பூராவும் பங்காளிகளுக்கு.

இப்படிக் கடலைப் பறிகொடுத்தவன் திடீரென்று கடலைப் பார்த்தால் என்ன செய்வான்? அதுதான் இந்த வாரம்.

நான் பி.காம். எழுதுவது போக, ஒரு அரிசி மில்லில் கணக்கு பார்க்கிறேன். மில்லில் நாங்கள் ஐந்து பேர் ஒரு செட்டு. லீவு நாளில் பரங்கிப்பேட்டை போகலாம் என்று கிளப்பிவிட்டவர் கேஷியர். ஏன் பரங்கிப்பேட்டை என்றதற்கு ஒரு பூகோள பாடமே நடத்தினார்.

“நம்ம கல்வராயன் மலைத் தண்ணி எங்க போகுது? கோமுகி. கோமுகி எங்க போகுது? மணிமுக்தா. மணிமுக்தா எங்க போய்ச் சேருது? வெள்ளாறு. வெள்ளாறு கடல்ல சேர்ற இடம்தான்யா பரங்கிப்பேட்டை. நம்ம வீட்டுத் தண்ணி போய் நிக்கிற இடம். அங்க கிடைக்கிறதுல நமக்குப் பங்கு இல்லையா?”

பூகோளம் சரிதான். அந்தக் கடைசி வரியில்தான் வில்லங்கம் இருந்தது. அது அப்போது எனக்குத் தெரியவில்லை. எனக்கும் பங்கு வேண்டியிருந்ததே!

வேன் பேசினோம். போய்ச் சேரும்போது வெள்ளாற்று முகத்துவாரத்தில் தண்ணீர் வடிந்து, மணல்திட்டு வெளியே தெரிந்தது. முழங்கால் ஆழத்தில் நின்று காலால் துழாவினால் கட்டைவிரலில் என்னவோ இடறுகிறது. குனிந்து எடுத்தால் மட்டி! வழுவழுவென்று, ஓட்டை இறுக மூடிக்கொண்டு, சின்னப் பாக்குவெட்டி மாதிரி.

மட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது மணலுக்குள் உட்கார்ந்துகொண்டு ரெண்டு குழாயை மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு குழாயில் தண்ணீரை உறிஞ்சி, அதில் இருக்கும் நுண்ணிய தீனியை வடிகட்டித் தின்றுவிட்டு, இன்னொரு குழாயில் வெளியே விடும். ஓடாது, கடிக்காது, கொட்டாது. ஆபத்து என்றால் ஓட்டை மூடிக்கொள்வதோடு சரி. அதாவது உலகத்திலேயே பிடிக்கச் சுலபமான ஜீவன். மீன் பிடிக்கத் தூண்டில் வேண்டும், பொறுமை வேண்டும். மட்டிக்குக் குனியத் தெரிந்தால் போதும்.

குனிந்தோம் சார். மூன்று மணி நேரம் குனிந்தோம். ஆபீசில் ஒரு ஃபைல் எடுக்கக் குனிந்தால் “இடுப்பு” என்று அலறுகிற டைப்பிஸ்ட், இரண்டு கையாலும் அள்ளுகிறார். கேஷியர் வேனிலிருந்து பக்கெட் கொண்டுவந்தார். நிறைந்ததும் இன்னொரு பக்கெட். பெரிசு, சின்னது, நகத்தளவு என்று பார்க்கவில்லை. “நீ எத்தனை? நான் எத்தனை?” என்று போட்டி வேறு.

ஒரே ஒருத்தர்தான் சேரவில்லை. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் மில்லில் வேலை பார்க்கும் நண்பர். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு நாற்பது பொறுக்கினார். சின்னதை எல்லாம் திரும்ப மணலில் போட்டார். எடுத்ததைத் தண்ணீரில் நனைத்த துண்டில் மூட்டை கட்டிக்கொண்டு கரையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

“ஆபீஸ்லயும் இப்படித்தான். சோம்பேறி” என்றேன் நான். இதைக் கவனத்தில் வையுங்கள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு அம்மா இடுப்பளவு தண்ணீரில் அலுமினியக் குண்டானை மிதக்கவிட்டு மட்டி எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது லீவு நாள் இல்லை, தொழில். கறியை விற்கலாம், ஓட்டைச் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போடலாம். எங்கள் பக்கெட்டுகளை எட்டிப் பார்த்தவர் கேட்டார்:

“எந்த ஊர்ல கல்யாணம் தம்பி?”

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

மட்டி உயிரோடு ஊர் வந்து சேர வேண்டும் என்று கேஷியர் பக்கெட்டில் தளும்பத் தளும்ப ஆற்றுத் தண்ணீரை ஊற்றி, மேலே தட்டைப் போட்டு மூடினார். அன்பு! அந்த அன்புதான் கொன்றது. தேங்கிய கொஞ்சத் தண்ணீரில் அத்தனை உயிர் மூச்சு விட்டால் காற்று எத்தனை நேரம் தாங்கும்? மட்டி நிழலில், ஈரத் துணியில் சுற்றியிருந்தால் ஓட்டை மூடிக்கொண்டு தாக்குப் பிடிக்கும். மூடிய பக்கெட்டில், வெயிலில், வேனின் பின்சீட்டில் தாக்குப் பிடிக்காது. விருத்தாசலம் தாண்டும்போது லேசாக ஒரு வாடை. உளுந்தூர்பேட்டையில் டிரைவர் ஜன்னலைத் திறந்தார். கள்ளக்குறிச்சியில் என் மனைவி கதவைத் திறக்கவில்லை.

திறந்து பார்த்தால் முக்கால்வாசி ஓடு வாயைப் பிளந்து கிடந்தது. தட்டினாலும் மூடவில்லை. அப்படி வாய் பிளந்து, தட்டியும் மூடாத மட்டி செத்தது. அதைச் சமைக்கக் கூடாது, வயிற்றைக் கெடுக்கும். எது செத்தது, எது சாகவில்லை என்று நாற்றத்தில் பிரித்துப் பார்க்க எவனுக்கும் தைரியமில்லை. கொல்லைப்புறத்தில் குழி தோண்டினேன்.

கணக்குப் பிள்ளை இல்லையா? பழக்க தோஷம். புதைக்கும்போது எண்ணினேன். எழுநூற்று நாற்பது.

அன்று ராத்திரி வெள்ளிமலை நண்பர் போன் பண்ணினார். அவர் வீட்டில் உப்புத் தண்ணீரில் போட்டு மணலைக் கக்கவிட்டு, மிளகு போட்டு வதக்கி, நாலு பேரும் சாப்பிட்டார்களாம். “நல்லாருந்துச்சு சார். உங்க வீட்ல எப்படி?”

என்ன சொல்ல? “பிரமாதம்” என்றேன்.

தூக்கம் வரவில்லை. அந்த அம்மாவின் கேள்வி காதிலேயே நின்றது. நாலு ஆம்பிளைகள் மூன்று மணி நேரம் அள்ளியது அவருக்கு ஒரு நாள் கூலியாவது தேறியிருக்கும். நாங்கள் அதைத் தின்றிருந்தால்கூட ஒரு நியாயம் சொல்லலாம். புதைத்தோம். அடுத்தவர் கூலியை வேனில் ஏற்றி நூறு கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவந்து புதைத்தோம்.

இந்தக் குற்றவுணர்ச்சியில் மற்ற ஊர்க்காரன் எல்லாம் என்ன செய்கிறான் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துக் கடற்கரையில் ‘ரேஸர் கிளாம்’ என்று நீளமாக ஒரு மட்டி. குடும்பம் குடும்பமாகத் தோண்ட வருகிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்துதான். அதுவும் எந்தப் பதினைந்து? தோண்டி எடுத்த முதல் பதினைந்து. சின்னதா இருக்கு, உடைஞ்சு போச்சு என்று தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்க முடியாது. உடைத்தாலும் உன் கணக்கில்தான். அவரவர் மட்டி அவரவர் பையில் தனியாக இருக்க வேண்டும். மாமனார் கணக்கில் மாப்பிள்ளை எழுதக் கூடாது. மட்டியில் விஷம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்து, இன்ன இன்ன நாள் என்று அறிவித்த பிறகுதான் கரையையே திறந்துவிடுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. ‘பிப்பி’ என்கிற மட்டியைத் தூண்டில் இரைக்காக ஐம்பது எடுக்கலாம். ஆனால் கடலோரத்திலிருந்து ஐம்பது மீட்டருக்கு அப்பால் கொண்டுபோகக் கூடாது. வேனில் ஏற்றுகிற பேச்சுக்கே இடமில்லை!

வெள்ளைக்காரன் பெருமை பாடுகிறான் என்று நினைக்காதீர்கள். நம்மிடமும் உண்டு. தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளித்தவர்களுக்கு, 57 மில்லிமீட்டர் குறுக்களவு இல்லாத சங்கைத் திரும்பக் கடலில் விட வேண்டும் என்று விதி இருந்தது. சிங்கி இறாலுக்கு 2003-ல் மத்திய அரசு ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை வைத்தது. இனத்தைப் பொறுத்து 150 கிராமிலிருந்து 500 கிராம் வரை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை நம் கரையில் 61 நாள் தடை.

எல்லாவற்றையும்விட என்னை அசத்தியது பக்கத்துக் கேரளா. கொல்லத்தில் அஷ்டமுடிக் காயல். அங்கே மட்டி எடுப்பது பெரிய தொழில். எண்பதுகளில் வெளிநாட்டு கிராக்கி ஏறியது, அள்ளினார்கள். 1993 வாக்கில் வரத்து பாதியாக விழுந்தது. அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தார்கள். வலைக் கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஏற்றுமதி செய்கிற மட்டிக் கறி கிலோவுக்கு 1400 எண்ணிக்கைக்கு மேல் போகக் கூடாது. அதாவது பொடிசு எடுக்காதே. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, முட்டையிட்ட குஞ்சுகள் மணலில் நிலைகொள்ளும் காலத்தில், எடுக்கவே எடுக்காதே. மட்டி திரும்ப வந்தது சார். 2014-ல் உலக அளவில் மீன்வளத்துக்குக் கொடுக்கும் எம்.எஸ்.சி. சான்றிதழ், இந்தியாவிலேயே முதலாவதாக அந்தக் காயலுக்குக் கிடைத்தது.

என் பி.காம். மூளைக்கு இது புரிகிற பாஷை. முதலைத் தொடாதே, வட்டியைத் தின்னு. நகத்தளவு மட்டி முதல். அதைத் தின்றால் அடுத்த வருஷம் ஐ.பி.தான்.

ஆனால் எனக்கு வேறு ஒன்றும் உறைத்தது. தொழிலுக்கு எடுக்கிறவர்களுக்கு விதி இல்லாவிட்டாலும் எங்கேயாவது ஒரு நிறுத்தம் உண்டு. சுமை கனக்கும். விலை விழும். நாளைக்கும் இதே தண்ணீரில்தான் இறங்கணும் என்று தெரியும். பசிக்கு எடுக்கிறவனுக்கு வயிறு ரொம்பினால் போதும். பொழுதுபோக்குக்கு எடுக்கிறவனுக்கு? ஒன்றும் கிடையாது. அவனுக்குத் தேவை மட்டி இல்லை. ‘ரெண்டு பக்கெட் எடுத்தோம்டா’ என்கிற பேச்சு. பேச்சுக்கு ஏது சார் அளவு? அதனால்தான் எண்ணிக்கையைக் காகிதத்தில் எழுதிவைக்கிறார்கள். காகிதம் இல்லாத இடத்தில் நாமே விரல் விட்டு எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

போன மாதம் வெள்ளிமலை நண்பரோடு மலைக்குப் போனேன். ஓடையில் கல்லைப் புரட்டி நண்டு பிடித்தார். பிடித்ததும் முதல் வேலையாக மல்லாக்கத் திருப்பினார். ஒரு நண்டின் வயிற்று மடிப்புக்குள் கடுகு கடுகாகக் குஞ்சு நண்டுகள். மட்டி கணக்கில்லாமல் முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடும். ஓடை நண்டு அப்படியில்லை. கொஞ்சம் முட்டையை அடிவயிற்றிலேயே வைத்துப் பொரித்து, குஞ்சையும் சுமந்துகொண்டு திரியும். அந்த ஒன்றை எடுத்தால் ஒரு குடும்பமே காலி. பொத்தினாற்போல் அதே கல்லின் கீழ் விட்டார்.

“யார் சொல்லிக் கொடுத்தது?” என்றேன்.

“எங்கப்பா. பக்குவமாதான் சொன்னாரு, முதுகுல” என்றார்.

ஆறு நண்டு ஆனதும் எழுந்துவிட்டார். வீட்டில் நாலு பேர், நான் ஒருத்தன், தாத்தாவுக்கு ஒன்று. எண்ணிப் பார்த்தேன். டேலி ஆயிற்று.

அன்றைக்கு அவரைச் சோம்பேறி என்று சொன்னதற்கு மன்னிப்பு கேட்டேன். “அது ஆபீஸ்ல சரிதான் சார்” என்றார்.

பி.கு.: பரங்கிப்பேட்டை போன அந்த ரெண்டு பக்கெட்டில் ஒன்று என் வீட்டினுடையது. நாலு தடவை சோப்பு, ரெண்டு தடவை எலுமிச்சை, ஒரு தடவை பினாயில் போட்டாயிற்று. இன்னும் கொல்லையில்தான் கவிழ்ந்து கிடக்கிறது. இப்போது எங்கே கிளம்பினாலும் மனைவி வாசலில் நின்று கேட்கிற கேள்வி ஒன்றுதான்:

“கல்யாணம் எந்த ஊர்லங்க?”